வெளிநாட்டில் படிக்கப் போகிறீர்களா? எந்தச் செயலி, எந்த மாதம் வரை: ஒரு ரிவ்யூ

வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது, அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே படிக்கும் நம் மாணவர்கள் நடத்தும் வாட்ஸ்ஆப் குரூப்பின் லிங்க்கைத்தான். விசா வேலையெல்லாம் அதற்கு அப்புறம்தான். விமானம் ஏறுவதற்குள் ஃபேஸ்புக் குரூப் ஒன்று, டெலிகிராமில் ஒன்று, இன்ஸ்டாகிராமில் சீனியர்களின் பக்கங்கள், யூடியூபில் 'என் ஒரு நாள்' வீடியோக்கள், ரெடிட், டிஸ்கார்டு, லிங்க்டுஇன் என்று போன் நிறைந்துவிடுகிறது. இதில் எது கைகொடுக்கிறது, எது ஆளை அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறது என்று பார்க்கத்தான் இந்த ரிவ்யூ. நான் வெளிநாட்டில் முதுகலை முடித்து, அங்கேயே ஆராய்ச்சிக்கும் சேர்ந்து, ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக வருகிற மாணவர்களை வரவேற்கும் குழுவில் வேலை செய்கிறேன். ஆகவே என் அனுபவத்தோடு, என் கண்முன் வந்து இறங்கி, தடுமாறி, பிறகு காலூன்றிய பலருடைய அனுபவமும் இதில் இருக்கிறது.

மதிப்பெண் போடும் முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செயலிக்கு ஒரே மதிப்பெண் என்பது இங்கே சரிப்பட்டு வராது. கிளம்புவதற்கு முன் 5க்கு 5 வாங்குகிற ஒரு குரூப் இரண்டாவது செமஸ்டரில் 5க்கு 2 கூடத் தேறாது, குரூப் அப்படியேதான் இருக்கிறது, மாறியது நம் தேவை. அதனால் ஒவ்வொன்றுக்கும் காலம் பிரித்துத்தான் மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

காலத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், போன் இல்லாத காலத்திலேயே இது கவனிக்கப்பட்ட விஷயம். 1955ல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த சுமார் 200 நார்வேக்காரர்களிடம் பேசி எழுதினார். 6 மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்திப்போயிருந்தார்கள், நடுவில் 6 முதல் 18 மாதம்வரை இருந்தவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டிருந்தார்கள். இதை எல்லோருக்கும் பொருத்த முடியாது என்ற மறுப்பும் பின்னால் வந்தது. 1998ல் காலின் வார்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் நியூசிலாந்துக்குப் போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இறங்கிய சமயத்தில்தான் கஷ்டம் உச்சத்தில் இருந்தது, அதன் பிறகு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு படமும் நான் நேரில் பார்ப்பதுதான். சிலருக்கு முதல் வாரமே அழுகை வருகிறது, சிலர் முதல் செமஸ்டர் முழுக்கப் பறந்துவிட்டு, குளிர்கால விடுமுறையில் ஹாஸ்டல் காலியானதும் உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்தச் செயலி எப்போது தேவை என்று சொல்ல முடியும்.

சரி, முதலில் பெரிய விஷயம். நம்மவர்களின் வாட்ஸ்ஆப் குரூப்.

கிளம்புவதற்கு முன்பும் முதல் சில வாரங்களும்: 5க்கு 5. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த விமான நிலையத்திலிருந்து எந்தப் பேருந்து, வங்கிக் கணக்கு திறக்க என்னென்ன காகிதம் கேட்பார்கள், ஹாஸ்டலில் மெத்தை மட்டும்தான் தருவார்களா அல்லது போர்வையும் உண்டா என்பது மாதிரி கேள்விகளுக்குப் பல்கலைக்கழக இணையதளத்தில் பதில் இருக்காது, இருந்தாலும் அது ஏழு பக்கம் தள்ளி ஒரு பிடிஎஃப்புக்குள் இருக்கும். குரூப்பில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஒருவர் தன் அறையின் போட்டோவையே எடுத்து அனுப்பிவிடுவார். நடு இரவில் அறைக்கு வெளியே மாட்டிக்கொண்டு 'சாவி உள்ளே இருக்கிறது, கதவு பூட்டிக்கொண்டது' என்று எழுதிய ஒரு மாணவிக்கு, செக்யூரிட்டியின் எண்ணை அனுப்பியதோடு நிற்காமல் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஜாக்கெட்டோடு இறங்கி வந்து துணைக்கு நின்ற ஒரு சீனியரை எனக்குத் தெரியும். அதற்கு முன் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. எந்தப் பல்கலைக்கழக அலுவலகமும் அந்த நேரத்தில் இதைச் செய்து தராது.

முதல் செமஸ்டர் முடிவுக்குப் பிறகு: 5க்கு 1.5. இந்தச் சரிவுக்குக் காரணம் குரூப்பில் இருப்பவர்கள் கெட்டுப்போவது இல்லை. யார் உள்ளே இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பாருங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் 1024 பேர்வரை சேரலாம், எண்ணிக்கை எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், ஆனால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்போது வந்தவர்களும் இன்னும் பொருந்தாதவர்களும்தான். வேலை கிடைத்து, பேராசிரியரோடு பழகி, ஊர் பிடிபட்டுப்போனவர்கள் ஒருநாள் சத்தமில்லாமல் மியூட் போட்டுவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் குரூப்பின் மனநிலை எப்போது பார்த்தாலும் இரண்டாவது மாதத்திலேயே நிற்கிறது. 'வேலையே இல்லையாம்', 'விசா விதி மாறப்போகிறதாம்', 'இந்தப் பேராசிரியர் நம்மவர்களுக்கு மார்க் போட மாட்டாராம்' என்ற ஆம்-கள் வருடா வருடம் அதே சொற்களில் திரும்பி வருகின்றன. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதைத் தினமும் காலையில் கண்விழித்ததும் படித்துக்கொண்டிருந்தால், தான் தாண்டிவந்த பயத்தைத் தினமும் மறுபடி ஒருமுறை அனுபவிக்கிறார். எல்லோரும் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. தேறியவர்கள் குரூப்பில் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கடுமையான குறை: விசா, வேலை நேரம், இன்சூரன்ஸ் பற்றிய சட்டக் கேள்விகளுக்கு இந்தக் குரூப்புகளில் கிடைக்கும் பதில்களை நம்பவே கூடாது. பதில் சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. அவர் வந்த வருடத்தின் விதியைச் சொல்கிறார், அவருடைய விசா வகைக்கான விதியைச் சொல்கிறார். மாணவர் விசா விதிகள் பல நாடுகளில் அடிக்கடி மாறுகின்றன, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதில் ஒரு தவறு நடந்தால் விசாவே போய்விடும். 'என் ஃப்ரெண்டு அப்படித்தான் பண்ணான், ஒண்ணும் ஆகல' என்பது ஆதாரம் ஆகாது. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள், பதில் எழுத்தில் கிடைக்கும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பணம். வீடு தேடுகிற பருவத்தில் குரூப்புகளுக்குள் ஏமாற்றுக்காரர்கள் நுழைவது எல்லா ஊரிலும் நடக்கிறது, லிங்க் வெளியே போய்விட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். கடந்த பருவத்தில் ஒரு ஜூனியர் எனக்கு ஒரு வீட்டு விளம்பரத்தை அனுப்பினார். வெளிச்சமான அறை, ஜன்னலோரம் மேசை, கல்லூரிக்குப் பக்கம், வாடகையும் குறைவு. உரிமையாளர் வேறு நாட்டில் வேலையில் இருக்கிறாராம், நேரில் காட்ட ஆள் இல்லையாம், டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். அந்தப் போட்டோவை கூகுளில் படமாகப் போட்டுத் தேடினோம். வேறொரு நகரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டின் படம் அது. படத்தைத் தேடுவது தெரியாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது, வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், வந்ததும் 'சமையலறைக் குழாயைத் திறந்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். உண்மையிலேயே அந்த வீட்டில் நிற்கிறவருக்கு அது ஒரு நொடி வேலை. இதைவிட ஆபத்தானது 'உங்கள் அக்கவுண்டில் பணம் வரும், கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மீதியை இன்ன கணக்குக்கு அனுப்புங்கள்' என்று வரும் பார்ட் டைம் வேலை. அது திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் வேலை, மாட்டிக்கொள்வது கணக்கு வைத்திருக்கும் மாணவர்தான். சாதாரண வாட்ஸ்ஆப் குரூப்பில் உங்கள் போன் எண் அத்தனை உறுப்பினர்களுக்கும் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். டெலிகிராமில் எண்ணை மறைக்க வழி இருக்கிறது, அந்த ஒரு விஷயத்தில் அது மேல்.

நான் சொல்லும் முறை இதுதான்: முதல் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் குரூப்பை 'எப்போதும்' என்று மியூட் செய்து ஆர்கைவில் போடுங்கள், வெளியேற வேண்டாம். புதுச் செய்தி வந்தாலும் அது ஆர்கைவிலேயே இருக்கும்படி செட்டிங்ஸில் வைக்கலாம். தேவை வந்தால் நீங்களாகப் போய்த் தேடுங்கள். அங்கே கிடைத்த நான்கைந்து நல்ல மனிதர்களோடு தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், அவர்கள்தான் அந்தக் குரூப்பின் உண்மையான லாபம்.

அடுத்தது வீட்டோடு பேசும் வீடியோ கால். இதை எந்தச் செயலியில் செய்தாலும் ஒன்றுதான், எல்லா மாதமும் 5க்கு 4.5 கொடுப்பேன். வீட்டை விட்டு வந்தவர்கள் வீட்டோடு அதிகம் பேசினால் புது இடத்தில் ஒட்ட மாட்டார்கள் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனம் தெம்பாக இருந்தால்தான் புது ஆட்களிடம் பேசவே தோன்றும். நான் மிகவும் மதிக்கிற ஒரு பழக்கத்தை என் ரூம்மேட்டிடம் பார்த்தேன். ஞாயிறு மாலை போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் அசைன்மென்ட் எழுதுவாள், மறுபக்கம் அவள் அம்மா துணி மடித்துக்கொண்டிருப்பார், இருவரும் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நடுவில் 'அந்த நீலச் சட்டை உன்னோடதா, தம்பியோடதா?' என்று ஒரு கேள்வி வரும். அவ்வளவுதான். தினமும் 'என்னம்மா, எப்படி இருக்கே, சாப்பிட்டியா' என்று விசாரணைபோல நடக்கும் பத்து நிமிடக் காலைவிட அது அவளுக்குப் பல மடங்கு ஆறுதல் தந்தது. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது நேர வித்தியாசத்துக்காக. வீட்டாரின் நேரத்துக்குத் தன் மாலைகளை எல்லாம் ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், வகுப்புத் தோழர்கள் சேர்ந்து உட்காரும் நேரமும் அதே மாலைதான். வாரத்தில் இரண்டு மாலையாவது வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வெளியே போங்கள், அவர்களுக்கு அது புரியும்.

இன்ஸ்டாகிராம். இதற்குத்தான் மதிப்பெண் போட மனம் வரவில்லை. கிளம்புமுன் 3, முதல் வருடம் 2, பிறகு ஆளைப் பொறுத்து.

மற்றவர்களின் படங்களைப் பார்த்துத் தன் வாழ்க்கையோடு ஒப்பிட்டு வாடுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மனிதர்கள் தங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் எடை போடுகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954லேயே எழுதிவிட்டார். வெளிநாட்டு மாணவருக்கு அதைவிட வேறொரு தொல்லை இருக்கிறது, அவர் போடுகிற படத்தை இரண்டு கூட்டம் பார்க்கிறது. ஒன்று வீட்டுப் பக்கம்: பெற்றோர், சித்தப்பா, பெரியம்மா, கடன் வாங்கிக் கொடுத்தவர், பழைய வகுப்புத் தோழர்கள். இன்னொன்று இங்கே புதிதாகப் பழகியவர்கள். வீட்டுக் கூட்டத்துக்குப் பயந்து சோகமாக எதையும் போட முடியாது, உடனே அம்மாவுக்குப் போன் போகும். சந்தோஷமாக அதிகம் போட்டாலும் 'படிக்கப் போனானா, சுத்தப் போனானா' என்று கேள்வி வரும். ஆண்-பெண் சேர்ந்து நிற்கும் ஒரு குரூப் போட்டோவுக்காக விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன பெண்களை எனக்குத் தெரியும். கடைசியில் என்ன ஆகிறது என்றால், ஏதோ ஒரு கட்டடத்தின் முன் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தைத் தவிர வேறெதையும் போட முடியாமல் போகிறது. அந்தப் படத்தைப் பார்த்து ஊரில் அடுத்த வருடம் கிளம்பப்போகிற ஒருவர் எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார், போட்டவருக்கோ அன்று இரவு தூக்கம் வந்திருக்காது.

இதற்குக் கருவிகள் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். இன்ஸ்டாகிராமில் நாம் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் காட்டும் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' பட்டியல் 2018லிருந்து உண்டு, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தெரியாமல் வைக்கலாம். இது யாரையும் ஏமாற்றுவது ஆகாது, நண்பனிடம் பேசுவதுபோல மாமாவிடம் நாம் நேரிலும் பேசுவதில்லையே. மூன்றாவதாக ஒரு கூட்டமும் பார்க்கிறது என்பதை இப்போது கிளம்புகிறவர்கள் மறக்கக் கூடாது. அமெரிக்கா 2019 முதல் விசா விண்ணப்பத்தில் கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறது, 2025 ஜூனில் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் அறிவித்தது. எனவே பழைய பதிவுகளை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பார்ப்பது நல்லது, கணக்கு இருப்பதை மறைப்பது மட்டும் கூடவே கூடாது.

இன்ஸ்டாகிராமுக்கு நான் கொடுத்த அந்த இரண்டு மதிப்பெண் எதற்கு என்றால், கல்லூரிக் கிளப்புகளின் பக்கங்களுக்காக. மலையேற்றக் குழு, நாடகக் குழு, சதுரங்கக் குழு எல்லாம் எங்கே எப்போது கூடுகிறார்கள் என்பதைப் பல இடங்களில் இப்போது அங்கேதான் போடுகிறார்கள். நோட்டீஸ் போர்டு தேடி அலைய வேண்டாம். பார்த்தோம், நாள் குறித்தோம், மூடிவிட்டுப் போனோம் என்று இருந்தால் அது நல்ல சேவை.

யூடியூப் வீடியோக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'வெளிநாட்டு வாழ்க்கையின் உண்மை முகம்' என்ற மாதிரி தலைப்பில் வருகிறவற்றில் பெரும்பாலானவை வந்து இறங்கிய புதிதில் எடுத்தவை, ஏனென்றால் படம் எடுக்க நேரமும் ஆசையும் இருப்பது அப்போதுதான். தேர்வும் பார்ட் டைம் வேலையும் நெருக்கும்போது யாரும் கேமராவைத் தூக்குவதில்லை. கீழே விளக்கத்தில் கன்சல்டன்சியின் லிங்க் இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். சலவை இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, ரயில் டிக்கெட் எப்படி எடுப்பது, ஹீட்டரை எப்படித் திருப்புவது என்று சொல்லும் அலங்காரமில்லாத வீடியோக்கள் தங்கம். அவற்றுக்கு 5க்கு 4, மற்றவற்றுக்கு 2.

இனி நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் போகும் நாட்டுக்காரர்கள் எந்தச் செயலியில் இருக்கிறார்களோ அதை முதல் வாரமே போனில் ஏற்றுங்கள். நம்மில் பலருக்கு உலகமே வாட்ஸ்ஆப்பில் இருப்பதாக ஒரு எண்ணம். தென்கொரியாவில் காகாவ்டாக், ஜப்பானில் லைன், வியட்நாமில் ஸாலோ. சீனாவில் வீசாட் இல்லாமல் ஒரு நாள் ஓட்டுவதுகூடக் கஷ்டம், அங்கே ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்ஆப்பும் யூடியூபும் முடக்கப்பட்டிருக்கின்றன என்பதால் வீட்டாரையும் கிளம்புமுன்பே வீசாட்டுக்குப் பழக்கிவிட வேண்டும். வேறு பல இடங்களில் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் டிஸ்கார்டில் ஒரு சர்வர், அதாவது குரூப் மாதிரி ஒரு இடம், வைத்திருப்பார்கள், நம்மாட்கள் அதில் இல்லாமல் தனியாக ஒரு வாட்ஸ்ஆப் குரூப்பில் 'நாளைக்கு லேப் உண்டா?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் பக்கத்து செயலியில் காலையிலேயே வந்திருக்கும்.

ஸ்டீஃபன் பாக்னர் என்ற உளவியலாளர் 1977ல் வெளிநாட்டு மாணவர்களின் நட்பை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். சொந்த நாட்டுக்காரர்களோடு உள்ள நட்பு மனதுக்கு, தன் பண்பாட்டைக் கைவிடாமல் இருப்பதற்கு. உள்ளூர்க்காரர்களோடு உள்ளது படிப்புக்கும் காரியத்துக்கும். மற்ற வெளிநாட்டு மாணவர்களோடு உள்ளது பொழுதுபோக்குக்கு. அவர் எழுதி இத்தனை வருடம் ஆன பிறகும் இந்தப் பிரிவு அப்படியே பொருந்துகிறது என்பதுதான் என் அனுபவம், ஆனால் போன் வந்தபிறகு முதலாவது மட்டும் வீங்கிவிட்டது. அது கையிலேயே இருக்கிறது, அதற்காக எழுந்து எங்கேயும் போக வேண்டியதில்லை. மற்ற இரண்டுக்கும் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும், மொழி தடுமாற வேண்டும், நகைச்சுவை புரியாமல் கொஞ்சம் முழிக்க வேண்டும்.

அதனால்தான் நான் பார்த்த சேவைகளிலேயே அதிகம் மதிப்பது, யாரும் பெருமையாகப் பேசாத ஒன்றை: ஹாஸ்டல் மாடிக் குரூப். ஒரே மாடியில் இருக்கும் பதினைந்து இருபது பேர், பல நாட்டுக்காரர்கள், பொது மொழியும் எல்லோருக்கும் அரைகுறை. அதில் வருகிற செய்திகளில் பாதி சலவை அறையைப் பற்றித்தான். 'இரண்டாம் நம்பர் மெஷினில் யார் துணி? முடிந்து ஒரு மணி நேரம் ஆச்சு, எடுத்து மேலே வைத்திருக்கிறேன்' என்று ஒரு போட்டோ வரும், ஈரத் துணிக் குவியலின் மேல் ஒற்றைச் சிவப்பு சாக்ஸ். 'என்னோடது, ஸாரி, வருகிறேன்' என்று ஒரு பதில். பத்து நிமிடத்தில் அந்த இருவரும் சலவை அறையில் நேருக்கு நேர் நிற்பார்கள், ஒருவர் மன்னிப்புக் கேட்பார், மற்றவர் பரவாயில்லை என்பார், எந்தத் துறை என்று பேச்சு ஆரம்பிக்கும். மாதம் போகப் போக அதே குரூப்பில் 'காய்ச்சலாக இருக்கிறது, யாரிடமாவது தெர்மாமீட்டர் இருக்கிறதா?' என்று கேட்கும் அளவுக்கு வந்துவிடும். இந்தச் சேவைக்கு எல்லா மாதமும் 5க்கு 5. நல்ல செயலி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், இரண்டு வரி எழுதினால் ஒரு மனிதர் முன்னால் வந்து நிற்க வேண்டும். உங்கள் மாடியில் இப்படி ஒரு குரூப் இல்லையென்றால் நீங்களே ஆரம்பியுங்கள், கதவுகளில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால் போதும்.

இதற்கும் ஆய்வுப் பின்னணி உண்டு. நிக்கோல் எலிசன் குழுவினர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2007ல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஸ்புக் பயன்பாட்டுக்கு எல்லாவற்றையும்விட வலுவான தொடர்பு இருந்தது மேலோட்டமான அறிமுகங்களோடுதான். அந்தக் கால ஃபேஸ்புக் என்பது ஒரே வளாகத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் இடம், 2004ல் அது தொடங்கியதே கல்லூரி மாணவர்களுக்காகத்தான். இன்றைய ஃபேஸ்புக்கில் அந்த வேலை நடப்பதில்லை. இப்போது அதில் மாணவருக்கு உருப்படியானது மார்க்கெட்பிளேஸில் கிடைக்கும் பழைய மேசை, நாற்காலி, சைக்கிள்தான். அதுவும் பகலில், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பொருளைப் பார்த்தபிறகு பணம் கொடுப்பதாக இருந்தால் மட்டும். 5க்கு 3.

ரெடிட்டைத் தமிழ் மாணவர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை, அது நஷ்டம். பல பல்கலைக்கழகங்களுக்கு அங்கே தனிப் பக்கம் உண்டு, எழுதுகிறவர்களில் உள்ளூர் மாணவர்கள் நிறைய. பெயர் சொல்லாமல் கேட்கலாம் என்பதுதான் இதன் பலம். 'இந்தப் பாடத்தில் ஃபெயில் ஆகிவிட்டேன், யாரிடம் போவது', 'வந்து இவ்வளவு நாள் ஆகியும் ஒரு நண்பர்கூட இல்லை' என்று நம்மவர்கள் குரூப்பில் ஒருவர் எழுதிவிட முடியுமா? செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பெயரில்லாத இடத்தில் எழுதினால், முகம் தெரியாத யாரோ ஒருவர் பல்கலைக்கழகத்தின் ஆலோசகரை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுவார், மாணவர்களிடம் அதற்குக் கட்டணம் வாங்காத பல்கலைக்கழகங்கள் நிறைய இருக்கின்றன. முதல் வருடம் முழுக்க 5க்கு 4. கசப்பான ஆட்களும் அங்கே உண்டு, குடியேறிகளைத் திட்டுகிறவர்களும் உண்டு, அவர்களோடு வாதம் செய்ய உட்காராதீர்கள்.

லிங்க்டுஇன் கடைசி வருடத்துக்கு மட்டும். அதற்கு முன் திறந்தால் மனக்கலக்கம்தான் மிஞ்சும். திறந்தபிறகும் அடுத்தவரின் வேலை அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருக்காமல், உங்கள் துறையில் படித்து முடித்த முன்னாள் மாணவர்களைத் தேடி 'பதினைந்து நிமிடம் பேச முடியுமா' என்று எழுதுங்கள். பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் சீனியர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே மியூட் செய்யச் சொன்னது நான்தான், ஆனால் அட்மிஷன் கடிதங்கள் வரும் மாதத்திலும் வீடு தேடும் மாதத்திலும் வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பழைய குரூப்பைத் திறந்து பாருங்கள். தேறி வந்தவர்களின் குரல் அங்கே சுத்தமாக இல்லை. யாராவது வீட்டு விளம்பரம் போட்டிருந்தால் படத்தைத் தேடிப் பாருங்கள், விசா வதந்தி ஓடினால் அதிகாரபூர்வப் பக்கத்தின் லிங்க்கை ஒட்டிவிடுங்கள், 'எல்லாம் சரியாகுமா அண்ணா?' என்று யாராவது கேட்டிருந்தால் உங்களுக்கு எந்த மாதத்தில் சரியானது என்று எழுதுங்கள். அட்மின்கள் அந்த லிங்க்கையும் அந்தப் பதிலையும் மேலே பின் செய்து வைத்தால், இதே குரூப்புக்கு நான் 1.5 போட வேண்டியிருக்காது.